கத்தலுக்கு வேறு ஆள்

படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது தேவாலய மண்டபத்தில் அழாமல் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் புரொஜெக்டரை அணைக்கப் போனவர். இன்னொருவன் நான்.

வாசலில் ஒரு பெண் ஆளுக்கு ஓர் அட்டையும் பென்சிலும் கொடுத்தாள். 'இந்தத் திரைப்படம் உங்களை எப்படித் தொட்டது?' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே ஐந்து கோடுகள். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஐந்தையும் நிரப்பிவிட்டு இன்னோர் அட்டை கேட்டார்.

"அக்கா, ஒருத்தருக்கு ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டு தடவ அழுகை வந்துச்சேம்மா," என்றார் அவர், மூக்கைச் சிந்திக்கொண்டே.

நான் ஒரு வரி எழுதினேன். 'நாற்பத்தேழாவது நிமிடத்திலிருந்து அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது யார்?' மடிக்காமல் கொடுத்தேன்.

பதில் எனக்குத் தெரியும். யாராவது வந்து இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்காக எழுதினேன்.

அந்தப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவன் நான். வெளிநாட்டுப் படங்களுக்கு உதடு பார்த்து வசனம் எழுதுவது என் வேலை. திரையில் உதடு ஒட்டினால் நம் வார்த்தையிலும் ஒட்ட வேண்டும். வாய் திறந்து முடிந்தால் நம் வரியும் திறந்து முடிய வேண்டும். பொருளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதை சின்னது. விசுவாசிகளைத் தேடிப் பிடித்துக் கொல்லும் ஓர் அரசு. ஒரு ரொட்டிக்காரி. அவளுடைய அடுப்படிக்குக் கீழே மாவு மூட்டை வைக்கும் நிலவறை. அதில் பதினொரு பேர் ஒளிந்திருக்கிறார்கள். பத்துப் பேர் சபையார். பதினொன்றாவது அவள் கணவன். சிப்பாய்களுக்கு அவள்மீது சந்தேகம். அவள் வீட்டிலேயே வைத்து விசாரிக்கிறார்கள். மூன்று நாள். அவள் ஒரு பெயரும் சொல்வதில்லை. மேலே அவளை இழுக்கும்போதெல்லாம் பலகைத் தளத்தின் இடுக்கு வழியாகக் கீழே இருப்பவர்கள் தலையில் மாவு உதிர்கிறது. ஒரு தடவை கணவன் கத்த வாயெடுக்கிறான். பக்கத்தில் இருக்கும் பாதிரியார் அவன் வாயைப் பொத்துகிறார். மூன்றாம் நாள் அவள் இறக்கிறாள். நான்காம் நாள் பதினொரு பேரும் மேலே ஏறி வருகிறார்கள், தலைமுதல் கால்வரை வெள்ளையாக, பாடிக்கொண்டு.

மண்டபம் அந்தப் பாட்டுக்குத்தான் அதிகம் அழுதது. எனக்கு அந்த வெள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாவைத் தட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

பிடிபடும்வரை ரொட்டிக்காரிக்கு முப்பத்தொரு வரி வசனம். அதை ஒரு பெரிய குரல் கலைஞர் பேசினார். பிடிபட்ட பிறகு வசனமே இல்லை. அந்த இடங்களில் 'ரியாக்‌ஷன், வலி' என்று எழுதி, எத்தனை நொடி என்று பக்கத்தில் போட்டிருந்தேன். மொத்தம் பத்தொன்பது இடம். வெளிநாட்டிலிருந்து படம் வரும்போது இசையும் சத்தங்களும் தனி டிராக்கில் வரும். கதவு, மழை, சாட்டை எல்லாம் அதில் இருக்கும். மனிதத் தொண்டையிலிருந்து வருவது எதுவும் இருக்காது. ஓர் இருமலைக்கூட இங்கேதான் இரும வேண்டும். பெரிய குரல்கள் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். கத்தலுக்கு வேறு ஆள் வைப்பார்கள். அந்த ஆளின் பெயரைப் படத்தில் போடுவதில்லை. யார் என்று வசனம் எழுதுகிறவன் கேட்பதும் இல்லை. நானும் கேட்கவில்லை.

நாற்பத்தேழாவது நிமிடம். சிப்பாய் ரொட்டிக்காரியின் கையைப் பிடித்து அடுப்பின் வாய்க்குக் கொண்டுபோகிறான். அதற்கு முன் அவள் ஒரு மூச்சு இழுக்கிறாள். பாதி இழுத்து, நிறுத்தி, மீதியை இழுக்கிறாள்.

என் மனைவி மாடிப்படி ஏறுமுன் அப்படித்தான் இழுப்பாள்.

அதற்குப் பின்னால் வந்த சத்தம் எனக்குத் தெரியாது. ஆறு வருடம் கூட வாழ்ந்தவன். அவளிடமிருந்து அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்றார். நான் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு மீதிப் பதினெட்டு இடங்களையும் கேட்டேன். எல்லாம் அவள்தான்.

அவள் போய் நான்கு மாதம் ஆகிறது.

அவளும் எங்கள் தொழில்தான். கூட்டத்தில் கூவும் பெண், கடைக்காரி, அழும் குழந்தை, இப்படிப் பெயரில்லாத குரல்கள். ஸ்டுடியோவில் அவளை 'ஒரே டேக்கு' என்று கூப்பிடுவார்கள். முதல் தடவையிலேயே முடித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கள் முதல் பேச்சே சண்டை.

"இத எழுதினவரு நீங்கதானா? பேசிப் பாத்து எழுதினீங்களா, இல்ல மூச்ச வீட்டுல வச்சிட்டு வந்து எழுதினீங்களா?"

"ஏன்?"

"நடுவுல மூச்சு விட இடமே இல்ல சார். பேசி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

அன்றிலிருந்து மூச்சுக்கு இடம் விட்டு எழுதினேன்.

நோய் எலும்பில் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் அவள் வேலையை விட்டாள். விட்டதாகத்தான் எனக்குத் தெரியும். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. பலமான மாத்திரை. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுக் கேட்பேன்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல. போய்த் தாடிய எடுங்க, கரடி மாதிரி இருக்கீங்க."

ஐந்து மாதம் இதே கேள்வி, இதே பதில். அடக்கம் முடிந்த அன்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "புள்ளைக்கு வலிச்சுதா மாப்ள?" நான் சொன்னேன், "இல்ல அத்தை. கடைசிவரைக்கும் வலியே இல்ல." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் நான்கு மாதம் சாப்பிட்டோம், தூங்கினோம். வேறு எதுவும் எங்களிடம் மிச்சம் இல்லை.

மண்டப வாசலில் சபையின் போதகர் என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, என்ன இப்படி எழுதியிருக்கீங்க?" சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அவதானே?"

"உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"சொல்லல."

"அது அவங்க குடுத்த காணிக்கை தம்பி. 'எப்படியும் இந்த வலி வரப் போகுதுய்யா, சும்மா வந்துட்டுச் சும்மா போறதுக்கு, எதுக்காவது ஆகட்டும்'னாங்க. நான்கூட வேணாம்னுதான்..."

"எந்த வலி ஐயா?"

பின்னால் யாரோ "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்றார்கள். அவர் நிம்மதியாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல் சுவரில் படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் எல்லாச் சபைகளிலும் திரையிடுகிறார்கள். அத்தை போகிற சபையிலும். அவர் எப்போதும் முன்வரிசையில் உட்காருவார். அன்று புதன்கிழமை.

வீட்டுக்குப் போய் என் வசனத் தாள்களை எடுத்துப் புரட்டினேன். அடுப்புக் காட்சி. 'ரியாக்‌ஷன், வலி, 17 நொடி.' அதற்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'முதலில் சத்தம் வராது. மூச்சு மட்டும். பிறகு தாழ்ந்த குரலில் தொடங்கும்.'

அது என் யோசனை அல்ல. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அதை எழுதினேன். கேட்டேன்:

"இந்த இடத்துல என்ன போடறது? ஆங்கிலத்துல சும்மா அலறலா இருக்கு."

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எடுத்ததும் அலறல் வராதுப்பா. மொதல்ல மூச்சுதான். அப்புறம் கீழருந்து வரும். அலறல்லாம் ரொம்பக் கடைசில."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எத்தனை பேருக்குச் செத்திருக்கேன் நான்."

சிரித்தேன். குறித்துக்கொண்டேன். நல்ல குறிப்பு என்று பாராட்டவும் செய்தேன்.

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போனேன். அது சபைக்குச் சொந்தமானது. தேவாலயத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. அங்கே ஒலிப்பதிவு செய்பவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரும் நானும் கூட வேலை பார்த்தவர்கள்.

"வா மாப்ள. டீ குடிக்கறியா?"

"அவ டிராக்கப் போடுங்க மச்சான்."

டம்ளரைக் கீழே வைத்தார். எந்த டிராக் என்று கேட்கவில்லை.

"பாஸ்டர் போன் பண்ணாரு," என்றார்.

"எப்ப எடுத்தீங்க?"

"அவ போறதுக்கு ஆறு வாரம் முன்னாடி. நாலு நாள். செவ்வா, வியாழன், அடுத்த செவ்வா, வியாழன்."

செவ்வாயும் வியாழனும் அவளை பைக்கில் கொண்டுவந்து கீழே தேவாலய வாசலில் இறக்கிவிட்டது நான். ஜெபக் கூட்டம் என்றாள். எனக்குக் கூட்டத்தில் நாட்டமில்லை. வேலைக்கு நேரமாகிவிடும் என்று உள்ளே போனதில்லை.

"ரெண்டு மாடி எப்படி ஏறுனா?"

"நான் தூக்கிட்டு வருவேன்."

"சரி. மாத்திரை போட்டிருந்தா. வலி இருந்திருக்காது. நடிச்சிருப்பா. அவளுக்கு என்ன, எதை வேணாலும் நடிப்பா." என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

மச்சான் மேசைமேல் டம்ளர் விட்ட ஈர வளையத்தை விரலால் துடைத்தார்.

"மாத்திரை போட்டா நாக்கு தடிச்சிடுதுன்னா. குரல் வழுக்குதுன்னா. அந்த நாலு நாள் காலைல போடல மாப்ள. வாய்க்குள்ளயே வச்சிருந்து, நீ வண்டியத் திருப்புனதும் துப்பிடுவா."

தண்ணீர் டம்ளரோடு நின்று அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். விளையாட்டுக்கு "ஆ காட்டு" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். காட்டியிருக்கிறாள்.

"நீங்க தடுத்திருக்கலாம்."

"தடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சத்தியம் வாங்கிட்டா."

"தங்கச்சி கத்தக் கத்த உக்காந்து சவுண்டு லெவல் பாத்திருக்கீங்க."

அவர் கோபப்படவில்லை. "ஆமா," என்றார். "ரெண்டாவது தடவ லெவல் ஏறிப் போச்சு. கொஞ்சம் கொறச்சு வச்சேன்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை. நான்கு மாதமாக எனக்கு எதற்கும் கை எழுவதில்லை.

"முழுசாப் போடுங்க. படத்துல வர்றது வேணாம். மைக் திறந்ததுலருந்து."

"கேட்டு என்ன பண்ணப் போற?"

"போடுங்க."

போட்டார். முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு அவள்.

"அண்ணே, ஏசியக் கொறை. செத்தவளுக்கே குளிரும் போல."

அவள் தலையில் இருந்த ஹெட்போனிலிருந்து மச்சானின் பதில் சன்னமாகக் கேட்டது. "வாய மூடு. அடுப்பு சீன். பதினேழு செகண்டு."

"யாரு எழுதினது? பதினேழு செகண்டு ஒருத்தி முனகணுமாம். எழுதினவரு ஒரு தடவையாவது முனகிப் பாத்தாரா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டில் அந்த மாதங்களில் அவள் அப்படிச் சிரிக்கவில்லை. வீட்டில் சிரித்தது வேறு மாதிரி. அது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படம் ஓடியது. முனகினாள். நன்றாகத்தான் இருந்தது.

"ஓகே. சூப்பர்," என்றது மச்சானின் குரல்.

"ஓகே இல்லண்ணே. அது நடிப்பு. இரு. இப்ப வரும்."

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. ஏசி மட்டும் ஓடியது.

"வந்துட்டிருக்கு," என்றாள். பேருந்துக்கு நிற்பவள் சொல்வதுபோல. "வந்துட்டிருக்கு... ஓட்டு, ஓட்டு, படத்த ஓட்டு."

பாதி மூச்சு. நிறுத்தம். மீதி மூச்சு. பிறகு அந்தச் சத்தம்.

முடிந்ததும், "உதட்டுல சரியா நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"நின்னுச்சு," என்றது மச்சானின் குரல். மூக்கடைத்திருந்தது. "மாப்ளகிட்ட சொல்லிடலாம்டி. எனக்குப் பயமா இருக்கு."

இங்கே மச்சான் நிறுத்தப் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவருகிட்டயா?" என்றாள் அவள். "வேணாம்ணே. ஆரம்பத்துல ஒரே ஒரு தடவ சொன்னேன், வலிக்குதுன்னு. மூஞ்சி அப்படியே தொங்கிப் போச்சு. பச்சப்புள்ள மாதிரி அழுதாரு. ராத்திரி முழுக்க நான்தான் தட்டிக் குடுத்தேன், தண்ணி எடுத்துக் குடுத்தேன். வலியையும் பாத்துக்கிட்டு அவரையும் பாத்துக்க எனக்குத் தெம்பு இல்ல. இங்கன்னா கத்திட்டுப் போயிடலாம். யாரையும் தேத்த வேணாம். அடுத்தது எத்தனை செகண்டு?"

அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. நான் அவளைத் தேற்றிய இரவு என்றுதான் நினைவிருக்கிறது.

மச்சான் நிறுத்தினார். நான் தடுக்கவில்லை.

படத்தில் கணவன் வாயைத்தான் பொத்தினார்கள். அவனுக்குப் பலகை வழியாகக் கேட்டது. எனக்குக் காதைப் பொத்திவிட்டார்கள். அவள், அவள் அண்ணன், போதகர், மூன்று பேர் சேர்ந்து. நேற்று மண்டபத்தில் எழுபது பேர் உட்கார்ந்து அவள் வலியைக் கேட்டார்கள். அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். நான் எழுபத்தொன்றாவது ஆள்.

"எடுத்துடுங்க," என்றேன். "படத்துலருந்து எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். ஒரு வார்த்த சொல்லு, இன்னிக்கே வேற பொண்ண வரவச்சு பத்தொம்போதையும் மாத்திடறேன். பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்." அவருக்கு முகம் தெளிந்தது. "அதான் நல்லது மாப்ள. ஞாயித்துக்கிழம அம்மா வந்து உக்காந்தாலும் ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்கு இது தெரியவே வேணாம்."

தலையாட்டினேன். எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். அந்தக் கனத்த கதவைத் தள்ளும்போதுதான் புரிந்தது, இப்போது நான் நான்காவது ஆள். பொத்துவது அத்தையின் காதை.

"இருங்க," என்றேன். "இன்னிக்கு யாரையும் வரச் சொல்லாதீங்க. அத்தைகிட்ட கேட்டுட்டு வரேன்."

"உனக்குப் பைத்தியமா? என்னன்னு கேப்ப?"

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன்.

அத்தை வீட்டு முன்னறையில் எப்போதும் நாலைந்து கைக்குழந்தைகள் இருக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போவார்கள். முப்பது வருடமாக அவருக்கு அதுதான் பிழைப்பு. நான் போனபோது ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றின் தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டு, கையால் பால் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்தத் துரைய ஒரு நிமிஷம் பிடிங்க."

துரை என் கழுத்தில் எச்சில் வடித்தது. அத்தை புட்டிகளைக் கழுவக் குழாயைத் திறந்தார். முதுகு என் பக்கம் இருந்தது. அது வசதியாக இருந்தது.

"அத்தை, நான் உங்ககிட்ட சொன்னது பொய்."

"எது?"

"அவளுக்கு வலிச்சிருக்கு. நெறைய."

சொன்னேன். மாத்திரை, மாடி, நான்கு நாள், படம். சுருக்கமாகத்தான் சொன்னேன். நீட்டிச் சொல்ல எனக்கு வராது. அவள் என்னைப் பற்றிச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பிறகு அதையும் சொன்னேன்.

அழுவார் என்று நினைத்தேன். குழாயை மூடினார். புட்டியைக் கவிழ்த்து வைத்தார். திரும்பினார்.

"எங்க வலிச்சுது?"

"என்ன அத்தை?"

"எங்கன்னு கேக்கறேன். முதுகுலயா, இடுப்புலயா, காலுலயா? எங்க?"

பத்தொன்பது இடம் தெரியும். ஒவ்வொன்றும் எத்தனை நொடி என்று தெரியும்.

"தெரியாது."

"கேக்கலயா?"

"கேட்டேன் அத்தை. தெனமும் கேட்டேன். வலிக்குதான்னு கேட்டேன், இல்லன்னா."

"வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்லுவா. எங்க வலிக்குதுன்னு கேக்கணும்." குரல் உயரவில்லை. "பக்கத்துலதான படுத்திருந்த?"

நான்கு மாதத்தில், ஆறு வருடத்தில், அவர் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. நான் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினேன்.

"அந்தச் சத்தத்த எனக்குப் போட்டுக் காட்டு."

"வேணாம் அத்தை. உங்களால தாங்க முடியாது."

"உன்னால முடிஞ்சுதில்ல?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இங்க வர்ற எதுவும் எங்கிட்ட வாயால சொல்றதில்ல. அழுகைய வச்சுத்தான் பாத்துக்கறேன். அவளையும் அப்படித்தான் வளத்தேன். கேட்டா எனக்குத் தெரியும் எங்கன்னு."

ஐந்தரைக்குக் கடைசிக் குழந்தையின் தாய் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "சாரி ஆன்ட்டி, பஸ்ஸே வரல. ரொம்பப் படுத்திட்டானா?"

"உன்னவிட நல்லவன். போ, போய் மொதல்ல ஒரு வாய் தண்ணி குடி," என்றார் அத்தை. வழக்கமான குரல். கதவைப் பூட்டிவிட்டு என் பைக்கில் ஏறினார்.

இரண்டு மாடியையும் நிற்காமல் ஏறினார். மச்சான் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அம்மாவ எதுக்கு மாப்ள..."

"நீ பேசாத," என்றார் அத்தை. நாற்காலியைத் திருப்பித் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "படம் வேணாம். சத்தம் மட்டும் போடு."

மச்சான் போட்டார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். முதலாவது முடிவதற்குள் அவர் வலது கை மடியிலிருந்து எழுந்து, தன் இடுப்பின் இடது பக்கம் போய் நின்றது.

"இங்க," என்றார்.

இரண்டாவது. "இங்கயேதான். தொடைக்கு எறங்குது."

மூன்றாவதற்குக் கை விலாவுக்கு ஏறியது. நான்காவதற்கு மறுபடி இடுப்பு. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகப் போட்டார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் நான் படுத்தது அவளுக்கு இடது பக்கம். தூக்கத்தில் என் கை அங்கேதான் கிடந்திருக்கும். அவள் எடுத்துவிட்டதில்லை.

ஏழாவது முடிந்ததும் மச்சான் நிறுத்தினார்.

"எடுத்துடவாம்மா?"

"எத?"

"படத்துலருந்து. மாப்ள எடுக்கச் சொல்றாரு. நீ சொன்னா..."

"அவ சபைக்குக் குடுத்துட்டா. குடுத்தத நான் எப்படித் திருப்பிக் கேக்கறது?" கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "உங்களுக்குக் குடுத்திருந்தா நீங்க கேக்கலாம்."

மறுபடி 'நீங்க'. மச்சான் என்னைப் பார்த்தார். எடுத்துடுங்க என்று சொல்ல எனக்கு அப்போதும் ஆசைதான். சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அவளைக் கேட்கும். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தும்.

"மிச்சத்தப் போடு," என்றார் அத்தை.

பன்னிரண்டாவதற்கு அவர் கை எழவில்லை. மடியிலேயே கிடந்தது.

"இன்னொரு தடவ."

மச்சான் போட்டார். அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது வலி இல்ல."

"வேற என்னம்மா?"

"கோவம்."

"யார் மேல அத்தை?" என்று கேட்டேன்.

அவர் அடுத்ததைப் போடும்படி மச்சானுக்குக் கையைக் காட்டினார்.

கணினியில் ஒவ்வொரு டிராக்குக்கும் கீழே தேதி இருந்தது. பன்னிரண்டாவது, இரண்டாம் வாரத்துச் செவ்வாய். அன்று காலை வாசலில் இறங்க அவளுக்கு நேரம் பிடித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை எடுக்கப் பார்த்தாள். எடுக்க வரவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "சீக்கிரம் எறங்கேன்," என்றேன். அவள் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். தோளில் இருந்த கையால் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்திருக்கலாம். அவள் இறங்கினாள். நேராக நின்றாள். சிரித்துக்கொண்டே எனக்குக் கையாட்டினாள்.